3060-ல் 12 ஜிபி, 4060-ல் 8 ஜிபி: இரண்டிலும் கல்யாண வீடியோ ஓட்டிப் பார்த்தது

என் மேசைக்கு இடது பக்கம் ஒரு கம்ப்யூட்டர், வலது பக்கம் இன்னொன்று. இடது பக்கத்தில் இருப்பதில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, அதற்குச் சொந்த மெமரி 12 ஜிபி. வலது பக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. தக்கலையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்த உடனே தொடங்கும் சர்ச் கல்யாணங்கள், அப்புறம் ஆவணி முகூர்த்தம், தை முகூர்த்தம் என்று வரிசையாக வரும்போது இரண்டு மெஷினும் ராத்திரி முழுக்க அணையாது. இரண்டு கார்டையும் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன், கடைக்குப் போகும் முன்னால் படித்துவிட்டுப் போங்கள்.

இதை எழுத வைத்தது என் சித்தி மகன். நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறான், கொஞ்சம் கேம், கொஞ்சம் பிளெண்டர் (3டி சாஃப்ட்வேர்) என்று போகிறவன். கடையில் நின்றுகொண்டே போன் செய்தான். "அண்ணே, 4060 கூடுன நம்பருல்லா, அப்ப எல்லாத்துலயும் அதுதானே நல்லது? கடைக்காரரும் அப்படித்தான் சொல்லுகாரு." நான் சொன்னேன், "பொறு மக்கா, காசைக் கொடுத்திராத, முதல்ல நீ என்ன வேலைக்கு வாங்குக, அதைச் சொல்லு." அவனுக்குப் போனில் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காகிதத்தில் இருக்கிற கணக்கு. 3060 வந்தது 2021 பிப்ரவரியில், 4060 வந்தது 2023 ஜூனில். அமெரிக்காவில் அறிவித்த விலை 3060-க்கு 329 டாலர், 4060-க்கு 299 டாலர். கார்டுக்குள் கணக்குப் போடுகிற சின்னச் சின்ன அலகுகளான கூடா கோர் 3060-ல் 3584, 4060-ல் 3072. அதாவது புதியதில் கோர் குறைவு, இதைப் பார்த்தே சிலர் குழம்பிப்போகிறார்கள். ஆனால் பழையது சாம்சங்கின் 8 நானோமீட்டரில் செய்த சிப், பூஸ்ட் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸ். புதியது டிஎஸ்எம்சியில் செய்தது, 2.46 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. கோர் எண்ணிக்கையில் விட்டதை வேகத்தில் பிடித்துவிடுகிறது, பிடித்து முந்தியும் போகிறது. 1080பி-யில் கேம் ஓட்டும்போது ஃபிரேம் ஜெனரேஷன் (கார்டே நடுவில் புது ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பது) இல்லாமலேயே 4060 சுமார் 20 சதவீதம் வேகம் என்று என்விடியா சொன்னது. இரண்டு கார்டையும் ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது. சில கேமில் கூடும், சிலதில் குறையும்.

மெமரிக்கு வந்தால் கதை தலைகீழ். 3060-ல் 12 ஜிபி, மெமரிக்குப் போய் வருகிற பாதையான பஸ் 192 பிட், நொடிக்கு 360 ஜிபி போகும். 4060-ல் 8 ஜிபி, 128 பிட் பஸ், நொடிக்கு 272 ஜிபிதான். பாதையைச் சுருக்கிவிட்டு அதை ஈடு கட்ட சிப்புக்குள்ளேயே இருக்கிற சின்ன மெமரியான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக உயர்த்தியிருக்கிறார்கள். கோட்டாறு மார்க்கெட்டில் ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். குடோனுக்குப் போகிற சந்து குறுகலானால் சாமான் எடுத்துவர நேரமாகும், ஆனால் அடிக்கடி கேட்கிற அரிசி, பருப்பையெல்லாம் முன் அலமாரியிலேயே நிறைய அடுக்கி வைத்துவிட்டால் சந்துக்குள் போகிற தேவையே குறைந்துவிடும். 1080பி கேமுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குடோனே கொள்ளாத அளவுக்குச் சரக்கு வந்தால் அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை, என் வேலையில் அதுதான் நடக்கிறது.

ரிசப்ஷன் ஃபுட்டேஜ் எப்படி இருக்கும் என்று வீடியோக்காரர்களுக்குத் தெரியும். மண்டபத்தில் மேடைக்கு மட்டும் வெளிச்சம், மற்ற இடமெல்லாம் இருட்டு, கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்ததால் கறுப்பான இடத்தில் எல்லாம் எறும்பு ஊர்வதுபோல நாய்ஸ். அதை எடுக்க ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட வேண்டும். அது முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையும் சேர்த்து எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை என்பதால் 4கே டைம்லைனில் மெமரியைக் குடித்துத் தள்ளும். ஒரு நாள் 4060 மெஷினில் இதைப் போட்டு, கூடவே ஸ்கின் டோனுக்கு இரண்டு நோடு, ஒரு க்ளோ என்று சேர்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தேன். டெடிகேட்டட் மெமரி கோடு 5-ல் இருந்து 6, 7 என்று ஏறி 7.6-ல் போய் ஒட்டிக்கொண்டு அப்படியே நேர்கோடாக நின்றது. அதற்குக் கீழே ஷேர்டு மெமரி (கார்டில் இடம் போதாதபோது கம்ப்யூட்டர் ரேமில் கடன் வாங்குவது) என்று ஒரு கோடு இருக்கும், சாதாரணமாக அது தரையோடு படுத்துக் கிடக்கும், அது மெல்ல எழும்ப ஆரம்பித்தது. அந்த நிமிடத்திலிருந்து பிளேபேக் தத்தித் தத்தி ஓடியது, கொஞ்ச நேரத்தில் ஜிபியு மெமரி ஃபுல் என்று மஞ்சள் முக்கோணத்தோடு மெசேஜ் வந்து ரெண்டர் நின்றுவிட்டது. அதே ப்ராஜெக்ட்டை இடது பக்கத்து 3060-க்கு மாற்றினேன். ரெண்டர் மெதுவாகத்தான் போனது, ஆனால் 9 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டு மூச்சு முட்டாமல் முடித்துக் கொடுத்தது.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெமரிக்குள் அடங்குகிற வேலை என்றால் 4060 முந்துகிறது. சாதாரண கலர் கரெக்‌ஷன், டீசர் கட், ரீல்ஸ், 1080பி டைம்லைன், இதெல்லாம் அதில் சீக்கிரம் முடிகிறது. பிளெண்டர் சைக்கிள்ஸ் ரெண்டரிலும் சீன் சின்னதாக இருந்தால் அதுவே வேகம். ஆனால் 4கே டெக்ஸ்ச்சராக அள்ளிப் போட்டு ஒரு வீட்டுக்கு இன்டீரியர் வாக்த்ரூ செய்கிறவர்கள் 8 ஜிபி சுவரில் முட்டுவார்கள். வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கிற ஆசை இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: படம் உருவாக்குகிற பல மாடல்கள் 12 ஜிபியில் தாராளமாக உட்காருகின்றன, 8 ஜிபியில் செட்டிங்கைக் குறைத்துக் குறைத்து ஓட்ட வேண்டும்.

8 ஜிபி கார்டு ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம், வழி இருக்கிறது. டைம்லைனை 1080-ல் வைத்து எடிட் செய்யுங்கள், கடைசியில் அவுட்புட் எடுக்கும்போது மட்டும் 4கே ஆக்குங்கள். நாய்ஸ் எடுக்க வேண்டிய க்ளிப்புகளை மட்டும் தனியாக ரெண்டர் செய்து, அந்த ஃபைலைத் திரும்ப டைம்லைனில் வையுங்கள். டெம்பொரல் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்தாலும் நிறைய மிச்சமாகும், கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் 4060-ல் இப்படித்தான் சமாளிக்கிறேன்.

அடுத்தது நம் பக்கத்து எடிட்டர்கள் பலர் தவறவிடுகிற விஷயம். இப்போது கல்யாணத்துக்கு வருகிற கேமராக்கள் நிறைய 10 பிட் 4:2:2 (கலர் விவரம் கூடுதலாக இருக்கிற வகை), எச்.265 என்ற சுருக்க முறையில் எடுக்கின்றன. இந்த ஃபுட்டேஜை ஹார்டுவேரில் டிகோட் செய்கிற (சுருக்கியதை விரித்துக் காட்டுகிற) வசதி 3060-லும் கிடையாது, 4060-லும் கிடையாது. எவ்வளவு காசு கொட்டினாலும் 40 சீரிஸ் வரை இதே நிலைதான், 50 சீரிஸில்தான் என்விடியா இதைச் சேர்த்தது. ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் ப்ராசஸருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் இதைச் செய்துவிடும். அதனால் 12400 வாங்குகிறோமா 12400எஃப் வாங்குகிறோமா என்பது பெரிய வித்தியாசம், எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கொஞ்சம் ரூபாய் மிச்சம் என்று எஃப் வாங்கி, கார்டில் பெரிய தொகையைப் போட்டு, பிறகு டைம்லைன் இழுக்கிறது என்று வருத்தப்படுகிறவர்களை நான் மார்த்தாண்டத்திலும் பார்த்திருக்கிறேன், நாகர்கோவிலிலும் பார்த்திருக்கிறேன். எடிட்டிங் மெஷின் போடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது கடையில் கேட்டு வாங்குங்கள்.

லைவ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே பாதி வீடுகளில் அண்ணனோ மாமாவோ வளைகுடாவில் இருப்பார்கள், லீவு கிடைக்காது, தாலி கட்டுகிற நேரத்தில் யூடியூப் லைவில்தான் பார்ப்பார்கள். நான் ஓபிஎஸ் என்ற லைவ் சாஃப்ட்வேர் வைத்து விடுகிறேன். எச்.264-ல் விடுவதென்றால் இரண்டு கார்டும் நன்றாகவே செய்யும். 4060-ல் கூடுதலாக ஏவி1 என்ற புதிய சுருக்க முறைக்கான என்கோடர் இருக்கிறது, 3060-ல் ஏவி1 பார்க்கத்தான் முடியும், எடுக்க முடியாது. 2023-ல் வந்த ஓபிஎஸ் 29.1-லிருந்து யூடியூபுக்கு ஏவி1-ல் லைவ் அனுப்பலாம். குறைந்த பிட்ரேட்டில் படம் தெளிவாக இருக்கும் என்பதால், மலையோரத்துச் சர்ச்சில் மொபைல் நெட்டை நம்பி லைவ் விடுகிறவனுக்கு இது பெரிய உதவி. 3060 வைத்திருப்பவர்கள் எச்.265-ல் அனுப்பிப் பார்க்கலாம், அதுவும் அதே ஓபிஎஸ்ஸில் வந்துவிட்டது. ஆனாலும் லைவுக்கு என்றால் என் கை 4060 பக்கம்தான் போகும்.

கரண்ட். 3060 முழு லோடில் 170 வாட், 4060 115 வாட். வித்தியாசம் 55 வாட்தானே என்று நினைக்கலாம். தினமும் 8 மணி நேரம் முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்கு 0.44 யூனிட், மாதம் 26 நாள் வேலை என்றால் 11 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாத பில்லில் 23 யூனிட் பக்கம் வரும். இது பெரிய தொகை இல்லை. எனக்கு உறைத்தது யூபிஎஸ்ஸில். ஆனி, ஆடி மாதத்து மழைக்காற்றில் தென்னை ஓலை லைனில் விழுந்து கரண்ட் போவதும் வருவதும் இங்கே வழக்கம். 600 விஏ யூபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 3060 ரெண்டரில் இருக்கும்போது ப்ராசஸர், மானிட்டர், ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் விடாமல் கத்தும், ரெண்டரை நிறுத்திச் சேவ் செய்வதற்குள் கை நடுங்கிவிடும். 4060 மெஷினில் அதே யூபிஎஸ்ஸில் நிதானமாக மூடி வைக்க நேரம் கிடைக்கிறது. 3060 வாங்குகிறவர்கள் யூபிஎஸ்ஸையும் 1 கேவிஏ ஆக்கிக்கொள்ளுங்கள், அந்தச் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

சூடும் அப்படித்தான். ஓடு போட்ட மாடி அறையில் மத்தியானம் 3060-ன் ஃபேன் சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்கும், 4060 இருக்கிற இடமே தெரியாது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். என் வீடு குளச்சலில், 3060 மெஷின் முதல் இரண்டு வருடம் வீட்டில்தான் இருந்தது, ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. ஒரு நாள் கார்டின் டெம்பரேச்சர் வழக்கத்தைவிட ஏறியதும் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கத்து இரும்புத் தகட்டில் ஸ்க்ரூ மாட்டுகிற இடத்தைச் சுற்றித் துரு, விரலால் தொட்டால் செம்மண் மாதிரி ஒட்டியது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் இருந்தது வெறும் தூசி இல்லை, உப்பும் ஈரமும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது, ப்ளோயர் அடித்தால் அசையவே இல்லை. பெயின்ட் அடிக்கிற சின்ன ப்ரஷ்ஷை எடுத்து, தகடு தகடாக ஐசோப்ரொப்பைல் தொட்டுத் தேய்த்து எடுக்க ஒரு மத்தியானம் ஆனது. உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகப் போயிருந்தது. சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்ததும் சூடு நன்றாக இறங்கியது. வாரன்டி இருக்கும்போது நீங்களே திறக்காதீர்கள், ஆனால் குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் மெஷினை ஜன்னலுக்கு நேராக வைக்காமல் இருந்தாலே பாதி காப்பாற்றியதுபோல.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கார்டை போர்டோடு இணைக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் 3060 16 லேனில் ஓடும், 4060-க்கு 8 லேன்தான். 4.0 போர்டில் இது பிரச்சினையே இல்லை. 3.0 போர்டில் போட்டால் பாதை பாதியாகிவிடும், சாதாரண நேரத்தில் கொஞ்சம்தான் குறையும், ஆனால் மெமரி நிரம்பி சிஸ்டம் ரேமுக்குப் போய் வர ஆரம்பித்தால் அங்கே நன்றாகவே அடிவாங்கும். இன்டெல் 10-ஆம் தலைமுறை போர்டு ஒன்றில் 4060-ஐப் போட்டபோது இதைக் கண்ணால் பார்த்தேன்.

கேம் மட்டும்தான் என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். வேலரன்ட் போன்றவை இரண்டிலும் பறக்கும். சைபர்பங்க் மாதிரி பெரிய கேமில் 4060-க்கு என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறது, 3060-க்கு அது கிடையாது, ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிற கேமில் மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஃபிரேம் ஜெனரேஷனும் மெமரியைத் தின்னும் என்பதால், டெக்ஸ்ச்சரை அல்ட்ராவில் வைத்து ரே டிரேசிங்கும் போட்டால் 8 ஜிபியில் திணறும். டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கினால் போதும்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, மார்த்தாண்டத்தில் இருக்கிற என் நண்பர் அதில் மாட்டிக்கொண்டார். 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி மாடல் ஒன்று 2022 கடைசியில் வந்தது. கோர் எண்ணிக்கை அதே 3584, ஆனால் பஸ் 128 பிட், நொடிக்கு 240 ஜிபிதான். 12 ஜிபி மாடலைவிடத் தெளிவாகவே மெது. அவர் ரிசால்வுக்காகவே 3060 தேடிப் போனவர், கடையில் 3060 என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து பெட்டியின் ஓரத்தைப் பார்த்தால் 8 ஜிபி. பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது, ஒரு சீசன் சம்பாத்தியத்தில் வாங்கியது. பெட்டியில் 12 ஜிபி என்று இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள், பில்லிலும் 12 ஜிபி என்றும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் 3060 நிறையக் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் (கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும்) முறையைக் கைவிட்டதும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், ஆனால் கையில் வாங்கி ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வருகிறதா, ஆடுகிறதா என்று. ஸ்க்ரூவில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். விற்கிறவரின் மெஷினிலேயே 20 நிமிடம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். திருவனந்தபுரத்தில் விலை குறைவு என்று பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன், ஆனால் பழுது வந்தால் அதே கடைக்குத் திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

புதிதாக வந்தவற்றைக் கேட்பீர்கள். 2025-ல் வந்த 5060-லும் 8 ஜிபிதான், மெமரி வேகம் மட்டும் நன்றாகக் கூடியிருக்கிறது, 4:2:2 டிகோடும் வந்துவிட்டது. காசு கூடுதலாகப் போட முடிந்தால் 5060 டிஐ 16 ஜிபி எடிட்டருக்கு நிம்மதி. அதுவரை கை நீளாதவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: 4கே-யில் நாய்ஸ் எடுக்கிறவர், பிளெண்டரில் பெரிய சீன் செய்கிறவர் 3060 12 ஜிபி எடுங்கள். கேம், லைவ், 1080பி எடிட்டிங், சின்ன யூபிஎஸ் என்றால் 4060.

சித்தி மகன் கடைசியில் 4060-ஐத்தான் எடுத்தான். அவனுக்கு அது சரி, ஹாஸ்டலில் ராத்திரி ஃபேன் சத்தம் இல்லாமல் விளையாடுகிறான், பிளெண்டரில் இன்னும் நாற்காலி, மேசை அளவில்தான் இருக்கிறான். பெரிய சீன் வந்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு தக்கலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இடது பக்கத்து 3060-ஐ விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. பேஸ்ட் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டது, தவக்காலத்தில் வேலை குறையும்போது அதை ஒரு தடவை கழற்ற வேண்டும்.